‘குடிக்க கேன் போட்டுக்கலாம் சார்’: தாம்பரம் புறநகரில் குடிநீர்த் தரத்தின் செலவை யார் சுமக்கிறார்கள்?

முடிச்சூர், அகரம்தென், மேடவாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்த உரையாடல் பழகியிருக்கும். ‘தண்ணி எப்படி சார்?’ என்று கேட்டால், ‘போர் இருக்கு தம்பி, தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. குடிக்க மட்டும் கேன் போட்டுக்கலாம்’ என்று வீட்டுக்காரர் சொல்வார். நாமும் தலையாட்டிவிட்டு அட்வான்ஸ் எவ்வளவு என்று பேசப் போய்விடுவோம்.

‘குடிக்க மட்டும் கேன்’ என்றால் என்ன அர்த்தம்? குழாயில் வருவது குடிநீர் இல்லை என்பதை வீட்டுக்காரர், குடிவருகிறவர், உள்ளாட்சி அமைப்பு என மூன்று தரப்புமே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதைக் குடிநீராக்கும் செலவை மட்டும் யாரும் சத்தம் போடாமல் உங்கள் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

குடிநீர்த் தரம் பற்றிய செய்திகளில் டி.டி.எஸ்., நைட்ரேட், குளோரின் என்று எண்கள் வரும். அந்த எண்களை எட்டுவதற்கு எவ்வளவு செலவாகும், சின்ன ஊர்களுக்கு அந்தச் செலவு ஏன் கட்டுப்படியாகாது, கடைசியில் அது யார் தலையில் விழுகிறது? பார்க்கலாம்.

முதலில், ‘தரம்’ என்பது என்ன?

இந்தியாவில் குடிநீருக்கான அளவுகோல் ஐ.எஸ். 10500. இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) வெளியிட்டது. 1983-ல் முதலில் வந்து, 1991-லும் 2012-லும் திருத்தப்பட்டது. நிறம், மணம், சுவை தொடங்கி உலோகங்கள், பூச்சிக்கொல்லிகள், கிருமிகள் வரை நீண்ட பட்டியல் அதில் உண்டு.

அந்தப் பட்டியலில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன. ஒன்று ‘ஏற்கத்தக்க அளவு’. இன்னொன்று, வேறு நீராதாரமே இல்லாத ஊருக்கு ‘அனுமதிக்கத்தக்க அளவு’.

கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்.: லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை.

கடினத்தன்மை: 200 ஏற்கத்தக்கது. வேறு வழியில்லை என்றால் 600 வரை.

ஃபுளோரைடு: 1 மில்லிகிராம். வேறு வழியில்லை என்றால் 1.5 வரை.

நைட்ரேட்: 45 மில்லிகிராம். தளர்வு கிடையாது.

ஈ.கோலி கிருமி: 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தளர்வு கிடையாது.

எதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடவே கூடாது என்பதைத் தரமே சொல்லிவிடுகிறது. உப்புக்கரிக்கும் தண்ணீர் வாய்க்குப் பிடிக்காது, ஹீட்டரைக் கெடுக்கும். ஆனால், மலக்கிருமி கலந்த தண்ணீர் இரண்டே நாளில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழாய்த் தண்ணீருக்கு இது கட்டாயமா?

இல்லை. கடையில் வாங்கும் அடைக்கப்பட்ட குடிநீர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2024 இறுதியில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை ‘அதிக அபாயமுள்ள உணவு’ வகையில் சேர்த்து, ஆண்டாய்வுக்கும் வெளித் தணிக்கைக்கும் உட்படுத்தியது. உள்ளாட்சிக் குழாயில் வரும் தண்ணீருக்கு ஐ.எஸ். 10500 வெறும் வழிகாட்டுதல்தான். அரசுத் திட்டங்கள் அதைப் பின்பற்றச் சொல்கின்றன. பின்பற்றாவிட்டால் தண்டனை என்று அந்தத் தரத்தில் எதுவும் இல்லை.

2019 நவம்பரில் மாநிலத் தலைநகரங்களின் குழாய்த் தண்ணீரை பி.ஐ.எஸ். சோதித்தபோது எல்லாச் சோதனையிலும் தேறியது மும்பை மட்டும். சென்னை தேறவில்லை. ‘தரத்தைக் கட்டாயமாக்க வேண்டும்’ என்ற பேச்சு அப்போதுதான் சூடுபிடித்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், பெருநகரங்களே தேறாத பரீட்சையை 800 வீடுகள் உள்ள ஊராட்சிக்கும் கட்டாயமாக்கினால் என்ன ஆகும்?

சின்ன ஊருக்குச் செலவு ஏன் அதிகம்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். குளோரின் கலக்கும் கருவி, அதை இயக்க ஒரு ஆள், ஆய்வகச் சோதனை, பம்ப் பழுது என ஒரு ஊருக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (புரிவதற்காகச் சொல்லும் எண்தான், எந்த ஊரின் கணக்கும் அல்ல.) ஊரில் 300 வீடு என்றால், வீட்டுக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். அதே ஏற்பாடு 30,000 வீடுகளுக்குச் சேவை செய்தால், மொத்தச் செலவு பத்து மடங்கு ஏறினாலும் வீட்டுக்கு 200 ரூபாய்தான்.

ஒரு மாதிரியைச் சோதிக்க ஆகும் கட்டணம், அந்தத் தொட்டியிலிருந்து எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறாது. நூறு பேர் குடித்தாலும் பத்தாயிரம் பேர் குடித்தாலும் அதே சோதனை, அதே கட்டணம். பங்கு போட ஆள் குறைந்தால் தலைக்கு வரும் பங்கு ஏறும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்கா 2001-ல் குடிநீரில் ஆர்சனிக் வரம்பை லிட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. 2006 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. அந்த நாட்டின் சுற்றுச்சூழல் முகமை போட்ட மதிப்பீடு இது: 10,000 பேருக்கு மேல் சேவை செய்யும் அமைப்புகளில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 0.86 டாலர் முதல் 32 டாலர் வரை கூடுதல் செலவு. 10,000-க்குக் கீழே என்றால் 38 டாலர் முதல் 327 டாலர் வரை. விதி ஒன்றுதான். சின்ன ஊரில் இருப்பவர் கட்டும் விலை பல மடங்கு. பணக்கார நாட்டிலேயே இதுதான் நிலைமை.

தாம்பரம் புறநகரில் என்ன தனிச் சிக்கல்?

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. ஆனால், முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல், மேடவாக்கம் போன்றவை அப்போது சேரவில்லை. ஊராட்சிகளாகவே நின்றன.

ஐந்து மாடி அபார்ட்மென்ட், சூப்பர் மார்க்கெட், ஐ.டி. கம்பெனி பஸ் எல்லாம் வந்துவிட்ட ஊர், அரசுக் கணக்கில் ‘கிராமம்’. இதன் விளைவு தண்ணீரில் நேரடியாகத் தெரியும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கான அளவு ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு மத்திய அரசின் வழிகாட்டு அளவு 135 லிட்டர். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு. நகரத்துக்கான ‘அம்ருத்’ நிதியும் ஊராட்சிக்கு வராது.

அடுத்தது நிலத்தடி. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினப் பாறை. இப்படிப்பட்ட பாறையில் தண்ணீர் மணலில் தேங்குவதுபோல் தேங்காது. விரிசல்களில்தான் ஓடும். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அதிலிருந்து கசிவதும் அதே விரிசல் வழியாகத்தான் இறங்கும். கழிவுநீர் கசியும் இடங்களில் போர் தண்ணீரில் நைட்ரேட் ஏறும். இதைக் காய்ச்சினாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது. கைக்குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து: ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் வரலாம்.

பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரத்துக்குத் தோல் தொழிலின் பழைய சுமையும் உண்டு. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. அங்கே நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்து லாபம் பார்த்தவர் ஒருவர், அதைச் சுத்தம் செய்யும் செலவு இன்று அங்கே குடியிருப்பவருக்கு.

தரத்தை வெறும் காகித விஷயமாக நினைக்க முடியாது என்பதை 2024 டிசம்பர் தொடக்கம் காட்டியது. பல்லாவரம் காமராஜ் நகர், கன்டோன்மென்ட் பகுதிகளில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உயிரிழப்பும் நடந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள். அரசுத் தரப்பு உடனே அதை ஏற்கவில்லை. மாதிரிகள் சோதனைக்குப் போயின. சம்பவம் நடந்த பிறகு எடுக்கும் மாதிரி, காரணத்தைத் தேடத்தான் உதவும். ‘போன வாரம் இதே குழாயில் குளோரின் எவ்வளவு இருந்தது?’ என்பதற்குத் தினமும் எழுதிய பதிவு கையில் இருந்தால், ஆள் படுப்பதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும்.

திட்டங்களுக்குப் பணம் வருகிறதே?

வருகிறது. ஆனால், பெரும்பகுதி கட்டுவதற்கு.

2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் மதிப்பீடு 3.6 லட்சம் கோடி ரூபாய். தமிழ்நாட்டில் மத்திய, மாநில அரசுகள் பாதிக்குப் பாதி. ஊருக்குள் போடும் கட்டமைப்புச் செலவில் 10 சதவீதம் வரை மக்கள் பங்களிப்பாக இருக்க வேண்டும் என்றும் வழிகாட்டுதல் சொல்கிறது. 15-வது நிதிக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 30 சதவீதத்தைக் குடிநீர் சார்ந்த பணிகளுக்கென்றே ஒதுக்கியது.

சோதனைக்கும் விதி உண்டு. நீராதாரத்தில் ஆண்டுக்கு ஒரு முறை ரசாயனச் சோதனை, இரண்டு முறை கிருமிச் சோதனை. ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டி தர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஆண்டுக்கு இரண்டு கிருமிச் சோதனை என்றால், மீதி 363 நாள் நம்பிக்கைதான்.

குழாய் போட்ட பிறகு கரன்ட் பில், மோட்டார் காயில், வால்வு, பிளீச்சிங் பவுடர், டேங்க் ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் ஊராட்சி தலையில். 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி குடிநீர் வழங்குவது ஊராட்சியின் கடமை. கடமை முழுசாக இருக்கிறது. வருமானம்தான் அரைகுறை. இதில் ‘நைட்ரேட்டையும் நீக்கு’ என்றால் ஆர்.ஓ. நிலையம் வேண்டும். அதற்கு மின்சாரம், மெம்பிரேன் மாற்றும் செலவு, வெளியேறும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்ற தலைவலி. திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரு மெம்பிரேன் போனதும் பூட்டுப் போடப்பட்ட ஆர்.ஓ. அறையை எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம்.

அப்போ அந்தச் செலவு எங்கே போகுது?

உங்க வீட்டு வாசலுக்கு. 20 லிட்டர் கேனில்.

கேன் 35 ரூபாய், மாதம் 20 கேன் என்று வைத்தால் 700 ரூபாய். ஆண்டுக்கு 8,400. மாதம் 60,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு அது 1.2 சதவீதம். 15,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு 4.7 சதவீதம். வருமானம் குறையக் குறைய பாரம் கூடுகிறது. வரியாக இருந்தால் ஊரே கேள்வி கேட்டிருக்கும். கேனாக இருப்பதால் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு ஒப்பீடு. 35 ரூபாய்க்கு 20 லிட்டர் என்றால் லிட்டர் 1 ரூபாய் 75 காசு. ஆயிரம் லிட்டருக்கு 1,750 ரூபாய். கடல்நீரைக் குடிநீராக்குவதுதான் ரொம்ப காஸ்ட்லி என்று சொல்வோம் இல்லையா? மீஞ்சூர் ஆலைக்கு ஒப்பந்தம் போட்டபோது பேசிய விலை ஆயிரம் லிட்டருக்கு 48.66 ரூபாய். லிட்டருக்கு 5 காசுகூட இல்லை. அது பழைய விலை, குழாய் வழியாக வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு தனி. அதை நான்கு மடங்காக்கினாலும் 20 காசைத் தொடாது. கேன் அதற்கும் எட்டு, ஒன்பது மடங்கு.

ஊர் அளவில் கூட்டிப் பாருங்கள். 3,000 வீடுகள் உள்ள ஓர் ஊராட்சியில் எல்லோரும் கேன் வாங்கினால் ஆண்டுக்கு 2 கோடியே 52 லட்சம் ரூபாய். ‘நல்ல தண்ணீர் கொடுக்க ஊரில் காசில்லை’ என்கிறோம். காசு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தனித்தனியாகப் போவதால் ஊர்க் காசாகச் சேரவில்லை.

இதில் கேலிக்கூத்து ஒன்று உண்டு. கேனுக்கும் டேங்கர் லாரிக்கும் வரும் தண்ணீரில் கணிசமான பகுதி இதே புறநகர், கிராமப் போர்களிலிருந்து உறிஞ்சியதுதான். காலுக்குக் கீழே உள்ள தண்ணீரை எடுத்து, உப்பை நீக்கி, அதே தெருவில் விற்கிறார்கள்.

வீட்டில் ஆர்.ஓ. வைத்தால்? பல வீட்டுக் கருவிகள் ஒரு லிட்டர் தர இரண்டு, மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகின்றன. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டதற்கு இந்த வீணடிப்பும் ஒரு காரணம்.

அப்படியானால் தரத்தைத் தளர்த்திவிடலாமா?

‘ஏழை ஊருக்கு எட்டாத தரம் எதற்கு? குறைத்துக்கொள்வோம்’ என்று ஒரு வாதம் உண்டு. முழுக்க ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதம் இல்லை. எல்லா எண்களையும் ஒரே நாளில் எட்டச் சொன்னால், ஊராட்சி கையிலிருக்கும் பணத்தை டி.டி.எஸ். குறைப்பதில் போட்டுவிட்டு, குளோரினுக்கு ஆள் இல்லாமல் நிற்கலாம். அது உண்மையான ஆபத்து.

ஆனால், வரம்பைக் குறைத்தால் செலவு மறையாது. ஆஸ்பத்திரி பில்லாக, கேன் காசாக, விடுப்பு போட்ட நாள்கூலியாக வேறு வடிவில் திரும்பி வரும். கைக்குழந்தையின் உடம்புக்கு முடிச்சூரில் ஒரு நைட்ரேட் வரம்பு, அண்ணா நகரில் ஒரு வரம்பு என்று வைக்க முடியாது. வரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். எதை முதலில் செய்வது, செலவை எத்தனை பேர் பகிர்வது என்பதில்தான் மாற்றம் வேண்டும்.

வரிசை தெளிவு. முதலில் கிருமி. குளோரின் மலிவு. தெருக்கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருக்கிறதா என்று தினமும் பார்த்து எழுதிவைக்க பெரிய ஆய்வகம் வேண்டாம், ஒரு சின்னக் கருவியும் பொறுப்பான ஓர் ஆளும் போதும். அடுத்து நைட்ரேட், ஃபுளோரைடு, குரோமியம். மோசமான போரை மூடுவது, பாலாறு, செம்பரம்பாக்கம், கடல்நீர் ஆலை என வெளியிலிருந்து வரும் தண்ணீரைக் கலந்து கொடுப்பது போன்றவை இங்கே வழி. டி.டி.எஸ்., கடினத்தன்மை கடைசி. இன்று நம் பணம் இதற்கு நேர் தலைகீழான வரிசையில் செலவாகிறது. கையில் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். குளோரின் பார்த்த வீடு எத்தனை?

சேர்ந்தால் முடியுமா?

முடிந்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட தலைமுறைகள் அங்கே உண்டு. ஒவ்வொரு ஊராட்சியும் தனியாக ஃபுளோரைடு நீக்கும் கருவி வைத்துச் சமாளித்திருக்க முடியாது. ஜப்பானின் ஜைக்கா கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் ஆயிரக்கணக்கான குக்கிராமங்களுக்குப் போனது. தனி ஊராக நின்றால் எட்டாத தரம், கூட்டாக நின்றதால் கைக்கு எட்டியது.

தென்சென்னைப் புறநகருக்கு அதைவிடச் சாதகமான இடம். நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலைக்குப் பக்கத்தில், 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. மேப்பில் தூரம் ஒன்றும் பெரிதில்லை. நகரமா, கிராமமா என்ற எல்லைக்கோடுதான் நடுவில் நிற்கிறது. அந்தக் கோட்டை மாநகராட்சி இணைப்பு அழித்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வீட்டு வரி முதலில் ஏறும், 100 நாள் வேலை போகும், குழாய் எப்போது வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். இரு தரப்புக்கும் தெரிய வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தத் தேதிக்குள் எந்தத் தண்ணீர் வரும்?

இணைப்புக்குக் காத்திருக்காமலும் சிலவற்றைச் செய்யலாம். பத்து ஊராட்சிகளுக்குச் சேர்த்து ஒரு குடிநீர்ப் பொறியாளர், ஒரு நடமாடும் சோதனை வண்டி. சோதனை முடிவைத் தொட்டிச் சுவரிலேயே தேதி போட்டு எழுதுவது. குளோரின் செலவை மாநில அரசே ஏற்பது. இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

நீங்க என்ன கேட்கலாம்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஊராட்சிப் பகுதியில் வாக்காளராக இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான், அபார்ட்மென்ட்வாசி என்றாலும். போய் மூன்று கேள்வி கேட்டால் போதும். நம் தொட்டித் தண்ணீரைக் கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தீர்கள்? நைட்ரேட், ஈ.கோலி முடிவு என்ன? நேற்று கடைசித் தெருக் குழாயில் குளோரின் எவ்வளவு?

பதில் இல்லை என்றால், அதையே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கேனுக்குக் கொடுக்கும் 700 ரூபாயில் ஒரு பங்கைக் குழாய்க்குக் கொடுக்க ஊர் தயாராக இருக்கிறதா என்பதையும் அங்கேயே பேசலாம். அதற்கு முன், கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று ஊராட்சியும் அரசும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது, ‘குடிக்க கேன் போட்டுக்கலாம்’ என்று சொன்னால், வாடகையோடு அந்த 8,400 ரூபாயையும் கூட்டிப் பாருங்கள். அந்த வீட்டின் உண்மையான வாடகை அதுதான்.